யோபு எத்தனை நாள் பேசாமல் இருந்தார்?

போன மாதம் என் பெரியம்மாவுக்கு முப்பதாம் நாள் பூசை நடந்தது. திண்டுக்கல்லில்தான். பங்குச்சாமியார் நல்ல மனிதர், பெரியம்மாவைப் பத்து வருடமாகத் தெரிந்தவர். பிரசங்கத்தில் அவர் யாக்கோபு திருமுகத்தின் ஐந்தாம் அதிகாரத்தை எடுத்துக்கொண்டார். யோபுவின் பொறுமையையும் ஆண்டவரின் இரக்கத்தையும் ஒரே மூச்சில் சொல்லும் 11ஆம் வசனம். "இந்தத் தாயும் யோபு மாதிரி பொறுமையா வாழ்ந்தாங்க" என்று முடித்தார். கோயிலில் பாதிப் பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நானும்தான்.

ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. பெரியம்மா உயிரோடு இருந்த காலம் முழுக்க இதே யோபுவைத்தான் அவரிடம் எல்லோரும் சொன்னார்கள். பெரியப்பா பூட்டுப் பட்டறையில் வேலை பார்த்தவர். கூலி வாங்கிய அன்றைக்கே பாதி சாராயக் கடைக்குப் போய்விடும், மீதி அடியாக வீட்டுக்கு வரும். பெரியம்மா நூல் மில்லில் ஷிப்ட் பார்த்துதான் இரண்டு பிள்ளைகளை வளர்த்தார். அழுதுகொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தால் பாட்டி சொல்வார், "யோபு படாத பாடா நீ பட்டுட்ட? பொறுத்துக்கடி." உபதேசியாரும் அதையேதான் சொன்னார்.

சரி, அப்படி இந்த யோபு என்னதான் செய்தார், தமிழ் மண்ணில் அவர் பொறுமையை யார் யார் எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்று தேட ஆரம்பித்தேன். அந்தத் தேடல் என்னைத் தெற்கே, ஆரல்வாய்மொழிக் கணவாய் வரை கொண்டுபோய்விட்டது. அந்தக் குறிப்புகளைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் யாக்கோபு திருமுகம். 11ஆம் வசனத்தை மட்டும் தனியாகப் பிய்த்து எடுக்காமல் அதிகாரத்தை முதலிலிருந்து படித்தால் வேறு கதை தெரிகிறது. அதிகாரம் தொடங்குவதே பணக்காரர்களைத் திட்டித்தான். 4ஆம் வசனத்தில், வயலில் அறுவடை செய்தவர்களுக்குக் கொடுக்காமல் பிடித்து வைத்த கூலியே கூக்குரல் இடுகிறது, அது ஆண்டவரின் காதுக்கு எட்டிவிட்டது என்று வருகிறது. அதற்குப் பிறகுதான் 7ஆம் வசனத்தில் 'பொறுமையாக இருங்கள்' என்கிறார். 9ஆம் வசனத்தில் நீதிபதி வாசலில் நிற்கிறார் என்கிறார். ஆக, அங்கே பொறுமை சொல்லப்படுவது கூலி பறிகொடுத்தவர்களுக்கு. பறித்தது தப்பு என்று நாலு வசனத்துக்கு முன்பே அழுத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் பொறுமையைப் பற்றிப் பேசுகிறார். தப்பை மூடி மறைக்கும் பொறுமை அந்தக் கடிதத்தில் இல்லை.

யோபுவின் பொறுமை என்று வரும் இடத்தில் கிரேக்க மூலத்தில் உள்ள சொல் 'ஹுப்பொமொனே'. பாரத்துக்குக் கீழே விலகாமல் நிற்பது என்று அதைப் பிரித்துப் புரிந்துகொள்ளலாம். சும்மா வாயை மூடிக்கொண்டு இருப்பது என்ற அர்த்தம் அதில் இல்லை.

அடுத்து யோபு புத்தகம். மொத்தம் 42 அதிகாரம். நமக்குத் தெரிந்த பொறுமைசாலி யோபு முதல் இரண்டு அதிகாரத்தில் இருக்கிறார். ஆடு மாடு போகிறது, பிள்ளைகள் சாகிறார்கள், உடம்பெல்லாம் புண். சாம்பலில் உட்கார்ந்து ஓட்டால் சுரண்டிக்கொள்கிறார். நண்பர்கள் எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் மூவரும் வந்து ஏழு நாள் ஏழு இரவு அவரோடு பேசாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். மூன்றாம் அதிகாரத்தில் யோபு வாயைத் திறக்கிறார். திறந்ததுமே தான் பிறந்த நாளைச் சபிக்கிறார். அதிலிருந்து 31ஆம் அதிகாரம் வரை வாதம், முறையீடு, கடவுளையே வழக்குக்குக் கூப்பிடுவது என்று ஓயவே இல்லை. நண்பர்கள்தான், 'நீ ஏதோ பாவம் செய்திருப்பாய், ஒப்புக்கொண்டு பணிந்து போ' என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள்.

முடிவில் கடவுள் பேசுகிறார். யோபுவின் வாயை அடைக்கும்படிதான் பேசுகிறார், யோபுவும் பணிகிறார். ஆனால் 42ஆம் அதிகாரம் 7ஆம் வசனத்தில் கடவுளுக்குக் கோபம் வருவது நண்பர்கள் மேல். தன்னைப் பற்றிச் சரியாகப் பேசியவன் யோபுதான், நீங்கள் அல்ல என்கிறார். அத்தனை அதிகாரம் முறையிட்டவனுக்குத்தான் நற்சான்று, பணிந்து போகச் சொன்னவர்களுக்குக் கண்டனம். என் புத்திக்கு எட்டியவரை, யோபு கதையில் கடவுளின் இரக்கம் என்பது கடைசியில் திரும்பக் கிடைத்த ஆடு மாடு மட்டும் இல்லை. அத்தனை அதிகாரமும் அவன் சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்ததும் இரக்கம்தான்.

பின்னால் வந்த திருச்சபை, முதல் இரண்டு அதிகார யோபுவையே அதிகமாகப் பிடித்துக்கொண்டது. போப் பெரிய கிரகோரியார் 6ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் யோபு புத்தகத்துக்கு 35 பாகங்களில் ஒரு விரிவுரை எழுதினார். அது நடுக்கால ஐரோப்பா முழுக்கப் படிக்கப்பட்டது. அந்த வழியில் துன்பத்தைத் தாங்கும் மனிதனின் அடையாளமாக யோபு நிலைத்துவிட்டார். கடல் கடந்து நம் ஊருக்கு வந்ததும் அந்த யோபுதான்.

இந்த இடத்தில்தான் குமரி மாவட்டத்துக் கதை வருகிறது.

1741 ஆகஸ்ட் 10. குளச்சல் கடற்கரையில் டச்சுக் கம்பெனிப் படையைத் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படை தோற்கடித்தது. பிடிபட்டவர்களில் ஒருவர் யூஸ்டாச்சியஸ் டிலனாய். கத்தோலிக்கர். மன்னர் அவரைக் கொல்லவில்லை, தன் படைக்குப் பயிற்சி கொடுக்க வைத்துக்கொண்டார். பிற்பாடு அவர் தளபதியாகவே உயர்ந்து 1777இல் இறந்தார். உதயகிரிக் கோட்டைக்குள் அவர் கல்லறை இன்றும் இருக்கிறது. அதில் லத்தீனோடு தமிழிலும் எழுதியிருக்கிறார்கள்.

இந்த டிலனாயோடு பழகியவர் நீலகண்டன். 1712இல் நட்டாலத்தில் நாயர் குடும்பத்தில் பிறந்தவர். பத்மநாபபுரம் அரண்மனை அலுவலர். ஒரு சமயம் அவருக்கு வரிசையாக நஷ்டம். மாடுகள் செத்தன, விளைச்சல் போனது. மனம் உடைந்து இருந்தவரிடம் டிலனாய் சொன்னது யோபுவின் கதை. இப்படித்தான் தேவசகாயம் வரலாறு காலங்காலமாகச் சொல்லப்படுகிறது. யோசித்துப் பாருங்கள். தரங்கம்பாடியில் 1720களிலேயே பழைய ஏற்பாடு தமிழில் அச்சாகிவிட்டது. ஆனால் நீலகண்டனுக்கு யோபு கிடைத்தது புத்தகத்திலிருந்து இல்லை. தோற்றுப்போய்ப் பிடிபட்டு, சொந்த ஊருக்குத் திரும்ப வழி இல்லாத ஒரு வெளிநாட்டுச் சிப்பாயின் வாயிலிருந்து. நஷ்டப்பட்டவன் நஷ்டப்பட்டவனுக்குச் சொன்ன கதை. 'பணிந்து போ' என்ற தொனி அதில் இருந்திருக்காது என்று நினைக்கிறேன்.

நீலகண்டன் கணவாயைத் தாண்டி வடக்கன்குளம் போனார். அது திருவிதாங்கூர் ஆட்சிக்கு வெளியே, சேசு சபையின் மதுரை மிஷனுக்கு உட்பட்ட ஊர். 1745 மே 14 அன்று, பரஞ்சோதிநாதர் என்று தமிழில் அழைக்கப்பட்ட புத்தாரி அடிகளிடம் ஞானஸ்நானம் பெற்றார். வைக்கப்பட்ட பெயர் லாசர். எபிரேயத்தில் எலெயாசர், 'கடவுள் உதவினார்' என்று பொருள். அதன் தமிழாக்கம்தான் தேவசகாயம். மனைவி பார்கவியும் ஞானஸ்நானம் பெற்று ஞானப்பூ ஆனார்.

அதன் பிறகு தேவசகாயம் வீட்டுக்குள் உட்கார்ந்து செபமாலை உருட்டிக்கொண்டிருக்கவில்லை. சாதி பார்க்காமல் எல்லாரோடும் கலந்து பழகினார், எல்லா மனிதரும் சமம் என்று பேசினார். மேல்சாதியினரின் கோபத்துக்கு அது முக்கியக் காரணம் என்று வத்திக்கான் வெளியிட்ட வாழ்க்கைக் குறிப்பே சொல்கிறது. 1749இல் கைது. ஏறக்குறைய மூன்று வருடச் சித்திரவதை. எருமை மேல் பின்பக்கம் பார்த்து உட்காரவைத்து ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். அடித்த புண்ணில் மிளகாய்ப் பொடி தேய்த்தார்கள். பெருவிளையில் மரத்தில் கட்டி வைத்தார்கள். புலியூர்க்குறிச்சியில் தாகத்தால் தவித்தவர் பாறையை முட்டியால் இடிக்க, அதிலிருந்து தண்ணீர் வந்தது என்பது மக்கள் நம்பிக்கை. முட்டிடிச்சான் பாறை என்று அதற்குப் பெயர். கடைசியில் 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக்குப் பக்கத்தில் காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். உடல் கோட்டாறு சவேரியார் கோயிலில் அடக்கம் செய்யப்பட்டது.

இதில் ஒரு விவாதம் உண்டு. அவர் தண்டிக்கப்பட்டது ராஜத்துரோகக் குற்றத்துக்காக, மதத்துக்காக இல்லை என்று வாதிடும் வரலாற்றாசிரியர்கள் இருக்கிறார்கள். மறுபக்கம், அவர் இறந்து நாலே வருடத்தில், 1756இல், கொச்சி ஆயர் கிளமெண்ட் ஜோசே ரோமுக்கு அனுப்பிய அறிக்கையில் இந்த மரணத்தை விசுவாசத்துக்காக ஏற்ற மரணம் என்று பதிவு செய்திருக்கிறார். அந்தக் காலத்து அரசவையில் மதம், சாதி, ராஜவிசுவாசம் மூன்றும் தனித்தனிப் பெட்டியில் இருக்கவில்லை என்பது என் எண்ணம். கீழ்சாதிக்காரனோடு சமமாக உட்கார்ந்த அரண்மனை அலுவலர், அரசின் கண்ணுக்கு மூன்றிலும் குற்றவாளிதான்.

நான் இங்கே கவனிப்பது அவருடைய பொறுமையின் தன்மையை. வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வீட்டுக்குப் போயிருக்கலாம். அவர் தாங்கியது, சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளாததால் வந்த துன்பத்தை. பாரத்துக்குக் கீழே விலகாமல் நிற்பது என்று மேலே சொன்னேனே, அது இதுதான். அவர் பொறுமை ஒரு அநியாயத்துக்கு ஒத்துப்போகவில்லை. அதை எதிர்த்து நின்றதற்கான விலையைத்தான் கட்டியது.

இப்போது திரும்பவும் வடக்கன்குளத்துக்கு வருவோம். தேவசகாயம் ஞானஸ்நானம் பெற்ற அதே ஊர். அங்கே 1872இல் எழுந்த பெரிய கோயில் கால்சட்டை மாதிரி இரண்டு பிரிவாகக் கட்டப்பட்டது. பீடம் நடுவில். ஒரு பக்கம் வேளாளர், மறுபக்கம் நாடார் உள்ளிட்ட மற்றவர்கள். ஒரே பூசை, ஒரே நற்கருணை, நடுவில் சுவர். சமம் என்று சொன்னதற்காக ஒருவர் செத்து 120 வருடம் ஆகியிருந்தது.

1910இல் அந்தச் சுவர் இடிக்கப்பட்டது. கௌசானல் அடிகள் அப்போது அங்கே பணியாற்றியவர். சுவர் போனதும் வேளாளர் தரப்பு நீதிமன்றம் போனது. வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை நடந்து, கோயிலுக்குள் சாதிக்குத் தனி இடம் கேட்கும் உரிமை இல்லை என்று முடிந்தது. ஆ. சிவசுப்பிரமணியன் 'கிறித்தவமும் சாதியும்' என்ற நூலில் இந்த வழக்கை விரிவாக எழுதியிருக்கிறார். ஆர்வம் உள்ளவர்கள் அவசியம் படிக்க வேண்டும்.

எங்கோ திருநெல்வேலிப் பக்கத்துக் கதை, திண்டுக்கல்காரனுக்கு என்ன என்று கேட்கலாம். தூத்துக்குடி மறைமாவட்டம் 1923இல்தான் பிரிந்தது. திண்டுக்கல் மறைமாவட்டம் வந்தது 2003 நவம்பரில். 1910இல் வடக்கன்குளத்துக்கும் திண்டுக்கல்லுக்கும் ஒரே ஆயர், திருச்சி ஆயர். அந்தச் சுவர் நம்ம மறைமாவட்டத்துச் சுவர். சாதிக்கு ஒரு கல்லறைத் தோட்டம், சாதிக்கு ஒரு தேர் வரிசை என்பதெல்லாம் நம் பக்கத்துக் கிராமங்களுக்கும் புதிய செய்தி இல்லை.

அந்தச் சுவருக்குப் பின்னால் பூசை பார்த்தவர்களை நினைத்துப் பார்க்கிறேன். 38 வருடம். 'பொறுமையாக இருங்கள், கடவுள் இரக்கமுள்ளவர், மோட்சத்தில் எல்லாரும் ஒன்று' என்று அவர்களுக்கு எத்தனை முறை சொல்லப்பட்டிருக்கும்! அந்தப் பொறுமையும் தேவசகாயத்தின் பொறுமையும் ஒன்றா? பெயர் ஒன்றுதான். ஒன்று தானே எடுத்துக்கொண்ட சிலுவை. மற்றொன்று அடுத்தவன் தோளில் தூக்கி வைத்துவிட்டு, 'சுமப்பது புண்ணியம்' என்று சொல்வது. யோபுவின் நண்பர்கள் செய்தது இரண்டாவது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2012 டிசம்பர் 2இல் தேவசகாயம் முத்திப்பேறு பெற்றவராக அறிவிக்கப்பட்டார். 2022 மே 15இல் புனிதர் ஆனார், இந்தியாவின் முதல் பொதுநிலைப் புனிதர். அதற்கு முன்பு அவர் பெயரோடு 'பிள்ளை' என்ற சாதிப் பெயர் ஒட்டிக்கொண்டே இருந்தது. சாதியை விட்டவருக்கு எதற்குச் சாதிப் பெயர் என்று ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி எம்.ஜி. தேவசகாயம் போன்றவர்கள் ரோமுக்கு எழுதிக் கேட்டார்கள். கேட்ட பிறகுதான் அது நீக்கப்பட்டது. சும்மா பொறுத்திருந்தால் நீங்கியிருக்குமா?

அவர் மனைவி ஞானப்பூ, கணவர் செத்த பிறகு சொந்த ஊருக்குத் திரும்ப முடியாமல் வடக்கன்குளத்திலேயே வாழ்ந்து அங்கேயே அடங்கினார். கணவரின் மூன்று வருடம் நமக்குத் தேதிவாரியாகத் தெரியும். இந்த அம்மாவின் வருடங்களைப் பற்றிப் பிரசங்கத்தில் யாரும் அதிகம் பேசுவதில்லை. பொறுமையைப் பெண்களுக்குத்தான் அதிகம் போதிக்கிறோம். அவர்களுடைய பொறுமையைத்தான் குறைவாக எழுதி வைக்கிறோம்.

கடைசியாகப் பெரியம்மாவுக்கு வருகிறேன்.

நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு தவக்காலம். வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை முடிந்து எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். கையில் கட்டு. அவருக்குப் படிக்கத் தெரியாது. "ஏப்பா, அந்த யோபு கதையக் கொஞ்சம் வாசிச்சுக் காட்டேன். எல்லாரும் சொல்றாங்க, நான் முழுசாக் கேட்டதே இல்ல" என்றார். நான் முதல் இரண்டு அதிகாரத்தை வாசித்து நிறுத்தினேன்.

"அவரு எத்தன நாளு பேசாம இருந்தாரு?" என்று கேட்டார்.

"ஏழு நாள் பெரியம்மா."

"அப்பறம்?"

"அப்பறம் பேச ஆரம்பிச்சுட்டாரு. நிறுத்தவே இல்ல."

கொஞ்ச நேரம் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் இருபத்திரெண்டு வருசமாப் பேசலயேப்பா" என்றார்.

அன்றைக்கு நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த மாதம் பெரியம்மா இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு மில்லுக்குப் பக்கத்திலேயே ஒரு ஓட்டு வீட்டை வாடகைக்குப் பிடித்துக்கொண்டு போனார். ஊர் பேசியது. பாட்டி ஆறு மாதம் அவரோடு பேசவில்லை. பெரியப்பா கடைசிக் காலத்தில் படுக்கையில் விழுந்தபோது தினமும் கஞ்சி காய்ச்சிக் கொண்டுபோய்க் கொடுத்தது பெரியம்மாதான். ஆனால் கொடுத்துவிட்டு ராத்திரிக்குத் தன் வீட்டுக்குத் திரும்பிவிடுவார். "எரக்கம் வேற, திரும்பப் போயி அடி வாங்குறது வேற" என்று ஒரு தடவை என்னிடம் சொன்னார். இத்தனை புத்தகம் புரட்டி நான் கண்டுபிடித்ததை அவர் அப்போதே ஒரு வரியில் முடித்துவிட்டார்.

ஆகவே பங்குச்சாமியார் சொன்னது சரிதான். பெரியம்மா யோபு மாதிரிதான் வாழ்ந்தார். ஆனால் முதல் இரண்டு அதிகாரத்து யோபு மாதிரி மட்டும் இல்லை, மூன்றாம் அதிகாரத்திலிருந்து வரும் யோபு மாதிரியும். அடுத்த முறை சாமியைப் பார்க்கும்போது இதைச் சொல்ல வேண்டும். வருடத் திதிப் பூசைக்கும் அவர்தான் பிரசங்கம் வைப்பார். 42ஆம் அதிகாரம் 7ஆம் வசனத்தையும் சேர்த்து வாசிக்கச் சொல்லிக் கேட்கப் போகிறேன்.